ஆறாம் வரிசையில் நின்றவர்

எங்கள் பேண்டில் அவரை எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். கார்னெட் என்கிற சின்னப் பித்தளைக் குழலை ஊதுகிற ஐந்து பேரில் முதல் பாகம் அவருடையது. மெட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறவர் அவர், மற்ற நால்வரும் அதற்கு ஒத்து ஊதுகிறவர்கள். "நீங்கெல்லாம் கூலிக்காரங்கடா, அவர்தான் முதலாளி" என்று பெரிய டிரம் அடிப்பவர் ஒருநாள் கிண்டலாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் இரண்டாம் பாகம். அவரை அண்ணே என்பேன். இருபத்தேழு வருடம் அவருக்கு வலப்பக்கத்தில், ஒரு முழங்கை தூரத்தில் நின்றிருக்கிறேன். அவர் கதையைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் என்னைத் தவிர யாருக்கும் அது முழுதாகத் தெரியாது.

எங்களுடையது ராணுவ பேண்டு. ஐந்தைந்து பேராக ஏழு வரிசை, மொத்தம் முப்பத்தைந்து பேர். படைப்பிரிவு தொடங்கி நூற்றிருபது வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் பேண்டில் பத்தொன்பது பேர்தான். சிப்பாய்களைக் கால் பிசகாமல் நடக்க வைப்பது அவர்கள் வேலை. சண்டை வந்துவிட்டால் வாத்தியங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, அடிபட்டவர்களைத் தூக்குகிற ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் போரில் அப்படி ஓடிய பத்தொன்பது பேரில் எட்டுப் பேர்தான் திரும்பி வந்தார்கள். அந்த ஸ்ட்ரெச்சர்களில் ஒன்று இன்றைக்கும் ஒத்திகைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. போர் முடிந்ததும் ஒரு தளபதி, இனி பேண்டு முப்பத்தைந்து பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது எங்களுக்கு வேதவாக்கு ஆனது. வெள்ளிக்கிழமை மாலை கொடி இறக்கம், புதிதாகச் சேர்ந்தவர்களின் உறுதிமொழி அணிவகுப்பு, விமான நிலையத்தில் வெளிநாட்டு விருந்தினர் வரவேற்பு, போர் நினைவு நாள், இறுதி ஊர்வலம் என்று எதுவானாலும் முப்பத்தைந்து பேர் நிற்க வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் வரிசையில் பல் விழுந்த மாதிரி ஓட்டை தெரியும்.

அண்ணன் பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். அவர் கார்னெட்டில் ஒரு தனிக் குழைவு இருக்கும். உரக்க ஊத மாட்டார், ஆனால் மைதானத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்கும். மைதானத்துக்குப் பின்னால்தான் எங்கள் குடியிருப்பு, ஒரே ஜன்னல் வைத்த வீடுகள் வரிசையாக. காலை ஒத்திகையின்போது பெண்கள் அடுப்படியில் நின்றபடியே, இது இன்னார் ஊதுவது, இன்னாருக்கு இன்று சளி என்று சொல்லிவிடுவார்கள். அண்ணி மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அவர் ஊதத் தொடங்கியதும் ஜன்னலைத் திறந்து வைப்பாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு முப்பத்துமூன்று வயதில் கீழ்த்தாடையின் கடைசிப் பல் வலித்தது. வீக்கத்தோடு இரண்டு அணிவகுப்புகளை நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார். பல் லேசில் வரவில்லை, ஒரு மணி நேரம் போராடித்தான் எடுத்தார்களாம். மரத்துப்போகிற ஊசி போட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுநாளும் கீழுதட்டில் உணர்ச்சி இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி போய்க் கேட்டபோது, பல்லோடு சேர்ந்து நரம்பு அடிபட்டிருக்கலாம், மெதுவாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார்கள்.

"பல்லைப் புடுங்கப் போனேன் தம்பி, உதட்டை விட்டுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். அப்போது எல்லாரும் சேர்ந்துதான் சிரித்தோம். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அது வாயோரமாக வழிந்து சட்டையில் சொட்டுவது அவருக்குத் தெரியவில்லை. நான் கைக்குட்டையை நீட்டினேன். எதற்கு என்பதுபோல என்னைப் பார்த்தார்.

கார்னெட் ஊதுவதற்கு மூச்சு மட்டும் போதாது. உதடு அதிர வேண்டும். குழலின் வாயான மவுத்பீஸுக்குள் அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஊதுகிறவனுக்குத் தெரிய வேண்டும். மூன்று மாதம் முயன்று பார்த்தார். வந்ததெல்லாம் பஞ்சர் ஆன டயரிலிருந்து வருகிற சத்தம்தான். ஒத்திகையில் அந்தச் சத்தம் நடுவே புகுந்தபோது முதல் ஒரு வாரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தார்கள்.

அவரை மருத்துவக் குழு முன்னால் நிறுத்தினார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தால் மரியாதையாக வெளியே போய்விடலாம் என்று அவரும் நினைத்தார். அங்கிருந்த அதிகாரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தாராம்.

"நடக்க முடியுதா?"

"முடியுது சார்."

"நாலு மணி நேரம் நிக்க முடியுமா? கண்ணு, காது?"

"எல்லாம் நல்லா இருக்கு சார். உதடுதான்..."

"உதட்டுக்கு இதுல கட்டமே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டுத் தகுதி உண்டு என்று முத்திரை குத்திவிட்டார்.

அப்போது இருந்த பேண்ட் மாஸ்டருக்குத் தலைவலி. அண்ணனை வேறு பிரிவுக்கு அனுப்பினால் அந்த இடத்துக்குப் புது ஆள் கொடுக்க மாட்டார்கள். இருக்கிற இடங்களையே எப்போது வெட்டலாம் என்று தலைமையகம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவரை டிரம்முக்கு மாற்றலாம் என்றால் டிரம்மில் இடம் இல்லை. அண்ணனுக்கும் போக்கிடம் இல்லை. பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது, வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பேண்ட் மாஸ்டரின் அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். நான்தான் வாயைத் திறந்தேன்.

"சார், அவர் சும்மா நிக்கட்டும் சார். விரல் எல்லாம் சரியா போகும். சத்தத்தை நாங்க பாத்துக்கறோம்."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேண்ட் மாஸ்டர் மேஜையிலிருந்த மருந்து பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கினார். பேனாக்கத்தியால் அதைச் சீவி அண்ணனின் மவுத்பீஸுக்குள் திணித்தார். "தப்பித் தவறிப் பிசிறு வந்துடக் கூடாதுல்ல" என்றார். முதல் பாகம் எனக்கு வந்தது.

அந்த வாரக் கொடி இறக்கத்தில் அண்ணன் முதல்முறையாகச் சத்தமில்லாமல் நின்றார். கன்னம் உப்பியது, மார்பு ஏறி இறங்கியது, மூன்று வால்வுகளின் மேலும் விரல்கள் துல்லியமாக ஓடின. பக்கத்தில் நின்ற எனக்கு அந்த வால்வுகளின் டக் டக் சத்தம் மட்டும் கேட்டது. கொடி இறங்கி முடிய ஐந்து நிமிடம் ஆகும். எனக்கு அன்றைக்கு ஐந்து மணி நேரம் போல இருந்தது.

ஒரு மாதம், இரண்டு மாதம், உதடு திரும்பும் வரைக்கும் என்றுதான் நினைத்தோம். பதினேழு வருடம் போயிற்று.

பழகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் வெளியே பார்க்கப் பழகினது மாதிரிதான் இருந்தது. ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வருவார். பித்தளைப் பொத்தான்கள் அவருடையவை போல யாருக்கும் பளபளக்காது. நடையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு, ஆறாம் வரிசையில் இடமிருந்து இரண்டாவது ஆளைப் பார்த்து நடங்கள் என்று டிரம் மேஜர் சொல்லுவார். சேர்ந்த ஒரு வாரத்துக்குள் புது ஆட்களுக்கும் விஷயம் தெரிந்துவிடும். அவர்களில் சிலர் முதலாளி என்று கூப்பிடும்போது குரலில் ஒரு நெளிவு இருக்கும். ஒரு தடவை கிளாரினெட்காரன் ஒருவன், "முதலாளின்னா சும்மாத்தானே நிப்பாரு" என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். அண்ணன் வந்து என் கையை எடுத்துவிட்டார். "அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டார்.

வீட்டில் சொன்னீர்களா என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். "உதடு சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் நான் கேட்கவில்லை. அண்ணி எல்லா அணிவகுப்புக்கும் வருவாள். குடும்பங்களுக்குப் போட்ட மர பெஞ்சில் மூன்றாவது வரிசையில், பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். முடிந்ததும் அவரிடம், "இன்னிக்கு நல்லா இருந்துச்சுங்க" என்பாள். அவர் தலையாட்டுவார். நினைவு நாள் நிகழ்ச்சியை டிவியில் காட்டினால், பெண் தன் பள்ளித் தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வந்து, "இதோ இப்ப வருது பாரு, இது எங்கப்பா" என்பாளாம். அதில் வருவது நான் ஊதியது. இதை அண்ணனே என்னிடம் சொல்லிவிட்டு, "நல்லாத்தான் ஊதியிருந்தே" என்றார். அதில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஐம்பது வயதில் ஓய்வு. எங்கள் பேண்டில் ஒரு வழக்கம் உண்டு. போரிலிருந்து திரும்பி வந்த அந்த எட்டுப் பேரில் ஒருவர் தொடங்கிவைத்தது என்பார்கள். ஓய்வு பெறுகிறவர் தன் கடைசிக் கொடி இறக்கத்தன்று வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து, கொடி இறங்கும்போது வாசிக்கிற மெட்டைத் தனியாக வாசிக்க வேண்டும். மற்ற எல்லாரும் வாத்தியத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள்.

இந்த நாள் வரும் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் மத்தியானம் அண்ணன் என்னை வண்டிகள் நிறுத்துகிற கொட்டகைக்குக் கூட்டிப் போனார். மெக்கானிக்குகள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், பேசினால்கூடக் காதில் விழாது. ஒரு லாரிக்குப் பின்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து அந்தக் கார்க்கை நோண்டி வெளியே எடுத்தார்.

"ஒருதடவை ஊதிப் பாக்கறேன். நீ கேட்டுச் சொல்லு."

ஊதினார். காற்றுத்தான் வந்தது. மறுபடி ஊதினார். காற்றுக்குள்ளே எங்கேயோ ஒரு சுரம் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அங்கே போனோம். கீழுதட்டை நம்பாமல் மேலுதட்டை வைத்தே சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடி ஒன்றை லாரியின் மட்கார்டில் சாய்த்து வைத்து, உதடு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஊதுவார். மேல் சுரங்கள் எட்டவே எட்டாது. அதனால் அந்த மெட்டைக் கீழே இறக்கி, நான்கைந்து சுரங்களுக்குள் அடங்குகிற மாதிரி நான் எழுதிக் கொடுத்தேன். அழகாக இல்லைதான், ஆனால் தெரிந்தவர்களுக்கு அது என்ன மெட்டு என்று விளங்கும். ஐந்தாவது மாதம் பாதி வரைக்கும் வந்துவிட்டார். சில நாள் அதுவும் வராது. வாயோரம் வழிவதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பார்.

"பெரிய ஆளுங்க யாரும் கேக்க வேண்டாம் தம்பி. வீட்ல ஒருதடவை கேட்டா போதும்" என்றார்.

அப்போது எங்களுக்கு மூன்றாவது பேண்ட் மாஸ்டர் வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. கடைசி வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குத் தளபதி வராரு, கூடவே வெளிநாட்டு அதிகாரிங்க நாலு பேர் வராங்க. உங்க முதலாளி ஊதுறதை நேத்து கொட்டகைப் பக்கம் போனப்ப கேட்டேன். அது வேலைக்கு ஆகாது."

"ரொம்ப கஷ்டப்பட்டிருக்கார் சார். பாதி வரைக்கும் வந்துடுவாரு."

"மீதிப் பாதிக்கு? நீ வரிசையிலேயே நின்னு ஊது. பழைய மாதிரி, முழுசா. அவர் முன்னாடி நின்னு விரலை ஆட்டட்டும். தூரத்துலேருந்து யாருக்குத் தெரியப் போகுது?"

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"நீயே சொல்லிடு. உனக்குத்தானே அவர் சிநேகிதர்."

நான் அவரைத் தேடிக்கொண்டு போனேன். வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பெண் பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்கு எந்த இடத்தில் நின்று வீடியோ எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைப் பார்த்ததும் அண்ணன் கண்ணைச் சிமிட்டி, பெண்ணுக்குத் தெரியாமல் நான்கு விரலைக் காட்டினார். நான்கு சுரமும் சுத்தமாக வருகிறது என்று அர்த்தம். நான் நாளைக்கு எத்தனை மணிக்கு வரிசை கட்டுவது என்று என்னமோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையிலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வானம் தெளிவாக இருந்தது. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. டிரம்கள் உருண்டு அடங்கின. அண்ணன் ஓரடி முன்னால் போய் நின்றார். கொடிக் கம்பத்தில் கயிறு அசைந்தது. அவர் கார்னெட்டைத் தூக்கினார். அவர் தோள் ஏறுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மூச்சு இழுக்கிறார். நானும் இழுத்தேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். நான் முழு மெட்டையும் அதன் உயரத்தில், பதினேழு வருடமாக ஊதுகிற மாதிரியே ஊதினேன். முதல் சுரத்திலேயே அவர் பின்கழுத்து ஒரு தடவை விறைத்தது. அணிவகுப்பில் தலையைத் திருப்பக் கூடாது, அவர் திருப்பவில்லை. முழங்கை உயர்ந்தபடியே இருந்தது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொடி இறங்கி, மடித்து எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றார். தளபதி வந்து கை கொடுத்து, "பிரமாதம்" என்றார். அண்ணன் விறைப்பாக நின்று நன்றி சொன்னார்.

வரிசை கலைந்ததும் என்னிடம் வந்தார். முகம் சிவந்து, உதட்டைச் சுற்றி மவுத்பீஸ் அழுந்திய வட்டம் பதிந்திருந்தது.

"தம்பி, நான் ஊதினது உனக்குக் கேட்டுச்சா?"

"அண்ணே..."

"கேட்டுச்சா இல்லையா? என் காதுல உன் சத்தம் மட்டும்தான் விழுந்துச்சு. எனக்கு உதட்டுலயும் தெரியாது. நீதான் பக்கத்துல இருந்தே."

"எனக்கும் கேக்கலண்ணே. நான் சத்தமா ஊதிட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வா, வீட்டில் தேநீர் போட்டிருப்பார்கள் என்றார்.

வீட்டில் பெண் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தூரத்திலிருந்து எடுத்தது. அப்பா சின்னதாக நிற்கிறார், என் கார்னெட் கணீரென்று கேட்கிறது. "இத்தனை வருஷமாகியும் அதே சத்தம்பா" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அண்ணி அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அது உங்க சத்தம் தம்பி" என்றாள் திரும்பாமல். "எனக்குத் தெரியாதா? அந்தப் பல்லைப் புடுங்கின மாசத்துலேருந்து அவர் சத்தம் வரல."

"அப்புறம் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"அவரா சொல்லுவாருன்னு இருந்தேன். ஒரு வருஷம் பாத்தேன். அதுக்கப்புறம் கேட்டா, இத்தனை நாள் தெரிஞ்சும் சும்மா இருந்தியான்னு ஆயிடும். நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு நானும் சொல்லிட்டே இருந்துட்டேன்."

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். அடுப்படி வாசலில் அண்ணன் தன் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. டம்ளரை மேடையில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். அண்ணி அதை எடுத்துக் கழுவினாள்.

ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்து, ஊரின் மறுகோடியில் தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியேறினார்கள். மூன்றாவது மாதம் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. பேண்டு இனி முப்பது பேர், ஆறு வரிசை போதும். நாங்கள் பயந்த வெட்டு அவர் போன பிறகுதான் விழுந்தது. ஒரு மத்தியான ஒத்திகையில் கார்னெட்களை முன்னால் இழுத்து டிராம்போன்களோடு சேர்த்துவிட்டார்கள். நூறு வருடக் கணக்கை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவரைப் பதினேழு வருடம் நிற்க வைத்தது எதற்காகவோ, அது இல்லாமலே போயிற்று.

அடுத்த வருடம் ஒருநாள் அவரைப் பார்க்கப் போனேன். மரச்சாமான் கடை வாசலில் காவலாளாக நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை, தோளில் பட்டை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். மேலுதடு மட்டும் சிரித்தது.

"நிக்கிறதுக்கு இவ்வளவு அனுபவம் உள்ள ஆள் அவங்களுக்கு வேற கிடைக்கல" என்றார்.

வேலை முடிந்ததும் அவரோடு மாடி ஏறினேன். அண்ணி ரொட்டியும் தேநீரும் கொண்டு வந்து வைத்தாள். உப்பு எங்கே, கதவைச் சாத்து, விளக்கைப் போடு என்பதைத் தவிர அவர்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட்டவர்கள் மாதிரியும் இல்லை. பெண்ணிடம் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். "ஏம்பா சொன்னீங்க, நான் நல்லாத்தானே இருந்தேன்" என்று அழுதுவிட்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். மாதத்துக்கு ஒருதடவை போன் வருகிறது.

கிளம்பும்போது படியில் நின்று, "அண்ணே, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்" என்றேன். கொட்டகையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவர் ஊதிய மத்தியானங்கள் நினைவில் வந்தன.

அவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "நீ வந்தா அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுது தம்பி. எனக்கும்தான். இனிமே வர்றதுன்னா போன் பண்ணிட்டு வா."

இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் அண்ணிதான் எடுத்தாள். தூங்குகிறார் என்றாள். அப்புறம் நான் செய்யவில்லை.